இருபத்தைந்து நாள் பால்

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சொல்லிக் காட்டக் கூடாது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டு வருடமாக ஓடவில்லை. மகள் மேகலா திருப்பூர் கம்பெனியில் வாங்கிய முதல் போனசில் வாங்கி அனுப்பியது. கரண்டுக்குப் பயந்து நான் பிளக்கைச் செருகவே இல்லை. மேல் தட்டில் பாச்சை உருண்டை போட்டு என் பட்டுப்புடவைகள், நடுவில் புளி, முட்டை வைக்கிற குழிகளில் நூல்கண்டு. மேகலா போனில் "ஃப்ரிட்ஜ் எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டால் "ஜில்லுனு இருக்குது சாமி" என்பேன்.

இன்று மத்தியானம் புடவையும் புளியும் வெளியே வந்தன. பிளக் உள்ளே போனது. காரணம் பூங்கோதை.

பூங்கோதை எங்கள் ஊர் மகளிர் பால் சங்கத்தின் செயலாளர். வயது முப்பத்திரண்டு, பன்னிரண்டாவது பாஸ், சிரித்தால் பல் தேய்ந்துவிடும் என்று நினைப்பவள். தினமும் நான் பாலைக் கறந்து, வீட்டிலேயே லிட்டர் படியில் அளந்து கேனில் ஊற்றுவேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அதை மொபெட்டில் கொண்டுபோய்ச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவார். நான் அளந்ததும் சங்கத்து அட்டையில் எழுதி வருவதும் ஒத்துப்போகிறதா என்று எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். பதினோரு வருடமாக ஒரு நாளும் பிசகியதில்லை. இன்று காலை அவள் பாலில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்த பால் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் கேனோடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் அவரையும் கேனையும் அப்படியே திருப்பிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். வரிசையில் இருபது பெண்கள்.

"ஏனம்மிணி, எம்மாட்டுப் பாலுல தண்ணியா, உங்கண்ணுல தண்ணியா?"

"டிகிரி நிக்கலீங்க்கா. குழாய் சொல்றதத்தான் நான் சொல்றேன்."

"குழாய்க்கு வாயிருந்தா உன்னப் பத்தியும் நாலு சொல்லும்."

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இருவத்தேழாந் தேதி மேற்பார்வையாளர் வர்றாருங்க. அவருகிட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க அட்டையில ஊத்த முடியாதுங்க."

"சொல்றதென்ன, காட்டறேன். இதே பால ஒரு பாட்டல்ல ஊத்திக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"இருவத்தஞ்சு நாளு பால வெச்சிருப்பீங்களாக்கா?"

"உன்னையவே ஆறு வருசமாப் பொறுத்து வெச்சிருக்கறேன். பாலுக்கு என்ன?"

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினாள். இரண்டு விரல்கடை காலி விட்டாள். ஒரு சொட்டுக் குறைந்தாலும் நாளைக்கு அதற்கொரு கதை சொல்வாள் என்று, மூடி வரைக்கும் ஊற்ற வைத்தேன். மூடியின் மேல் பேப்பர் ஒட்டி, தேதி, என் பேர், அவள் கையெழுத்து.

அவள் சொன்னது நிஜமானால் என் அட்டை ரத்து. நான் சொன்னது நிஜமானால் அவள் வேலை போகும். இரண்டில் ஒன்று. அட்டை போனால் மாட்டை வைத்துக்கொண்டு நான் கோலம்தான் போட வேண்டும்.

மேகலாவிடம் நிஜத்தைச் சொன்னேன், ஃப்ரிட்ஜ் கதை உட்பட. பத்து நிமிடம் திட்டிவிட்டு, "மேல இருக்கற ஃப்ரீசர்ல வைம்மா. ஐஸா உறைஞ்சுட்டா மாசக் கணக்குல கெடாது. என்னிக்கு வெச்ச, எப்பக் கரண்ட் போச்சுன்னு தேதி போட்டு எழுதி வை. ஆபீசர் கேட்டாக் காட்டலாம்" என்றாள்.

அதற்குத்தான் இந்த நோட்டு. நான் ஐந்தாவது வரைக்கும்தான். ஆபீசர் ஐயா பிழை பொறுக்கவும்.

மார்ச் 4, புதன்

காலையில் பார்த்தால் பாட்டில் முழுகாமல் இருக்கிறது. வயிறு உப்பி, அடி உருண்டு, நிற்கவே மாட்டேன் என்கிறது. உறையும்போது பால் பெருக்குமாம், அதற்குத்தான் இரண்டு விரல்கடை விடுவார்களாம். மேகலா இன்று சொல்கிறாள். பேப்பர் கிழியவில்லை, மூடி தெறிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சாய்த்து உட்கார வைத்திருக்கிறேன்.

கேனில் மீதி வந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்த நேற்றைய பாலைக் காய்ச்சினேன். ஆடையே பிடிக்கவில்லை, அரிசி கழுவிய தண்ணீர்போல் கிடந்தது. பூங்கோதை பார்த்த பார்வை அப்படி. இன்றைய பால் சங்கத்துக்குப் போகாமல் நேராக அடுப்புக்கு வந்தது. அதில் ஆடை ரொட்டிபோல் எழும்பி நிற்கிறது. அவள் கண் படாத பால்.

அவரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். "ம்" என்றார். அவர் ஒரு நாளைக்குப் பதினைந்து வார்த்தை பேசுவார். அதில் பத்து "ம்".

மார்ச் 5, வியாழன்

எங்கள் மாட்டின் பேர் டீச்சர். கறக்கிறவர் கை கொஞ்சம் அசந்தாலும் வாலால் கன்னத்தில் வைக்கும். காலையில் ஏழு லிட்டர், மாலையில் ஐந்து. சங்கத்தில் சண்டை, கொஞ்சம் குறைத்துக்கொள் என்று சொன்னால் டீச்சருக்குப் புரியவா போகிறது?

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அக்கம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் மாடு. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"வாங்கலாங்க. ஆனா தண்ணின்னு பேச்சு வந்துருச்சு பாருங்க."

"உங்க டீயில இல்லாத தண்ணியாங்க?"

வாங்கவில்லை. கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் லாபம்.

மார்ச் 7, சனி

மூன்று நாளாகத் தயிர். மோர். வெண்ணெய். நெய். திரட்டுப்பால் கிண்டிக் கிண்டி வலது தோள்பட்டை என்னுடையது இல்லை. மிச்சத்தைக் காய்ச்சி ஆறவைத்து, அரை லிட்டர் அரை லிட்டராகக் கவரில் ஊற்றி, இந்தத் தடவை காலி விட்டு, ரப்பர் போட்டு, கிண்ணத்தில் சாய்ந்திருக்கும் பாட்டிலைச் சுற்றி அடுக்கினேன். எது முந்தியது எது பிந்தியது என்று தெரிய ஒவ்வொரு கவர் மேலும் என் ஸ்டிக்கர் பொட்டு. இந்த வாரம் மெரூன், அடுத்த வாரம் பச்சை. என் பொட்டு ஒரு ரூபாய் அகலம் இருக்கும். அந்த அளவு இந்த ஊரில் வேறு யாரும் வைப்பதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பாட்டிலில் பாலை ஊற்றி மூடி, இட்லிப் பானைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் ஃப்ரிட்ஜே இல்லாமல் நிற்கும் என்று யாரோ போனில் வீடியோ போட்டிருந்தார்கள். நான்கு ஜாம் பாட்டிலில் செய்து பரணில் வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

மத்தியானம் தண்ணீர் எடுத்துவிட்டு வந்தால் ஃப்ரிட்ஜில் சத்தம் இல்லை. சுவிட்ச் அணைந்திருக்கிறது. வீட்டில் அவர் மட்டும்.

"யாருங்க அணைச்சது?"

"பல்லியா இருக்கும்."

"சுவிட்ச அணைக்கற பல்லியா?"

"பெரிய பல்லி."

நல்ல வேளை, அரை மணிதான் ஆகியிருக்கும். பாட்டில் கல்லாகவே இருந்தது. சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். பல்லிகளுக்கு அறிவிப்பு.

மார்ச் 11, புதன்

பரணில் இருந்த ஜாம் பாட்டில்களில் ஒன்று மூடியைத் தூக்கி எறிந்தது. மீதி மூன்றும் திரிந்து, கதவைத் திறந்தவுடன் முகத்தில் அறைகிற நாற்றம். வீடியோ போட்டவருக்கு மாடே இருக்காது. எருக்குழிக்குக் கொண்டுபோனபோது அவர் பின்னாலேயே வந்தார்.

"பால் நிக்காதுடி. வுட்டுரு. ஆபீசருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஊத்தலாம்."

அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

"பால் நிக்காதுன்னு இதுக்கு முந்தியும் ஒருத்தி சொன்னா. உங்க அக்கா. ஞாபகம் இருக்குதுங்களா?"

பாட்டில்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆபீசருக்கு இது வேண்டாத கதைதான். ஆனாலும் எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். பால் பொங்க வேண்டிய நேரத்தில் திரிந்துபோனது. என் நங்கை, அவருடைய அக்கா நஞ்சம்மா, நூறு பேர் நடுவில், "இவ கையே அப்படி, இவ கையில பால் நிக்காது" என்றாள். அன்றைக்கு நானும் நூறு பேர் நடுவில் சொன்னேன்: "இந்த ஊட்டுப் பாலு ஒரு சொட்டு இனி உங்க தொண்டையில எறங்காது." அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். எனக்கு அது நானூறு மைல்.

மார்ச் 12, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸ்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, பாட்டிலைச் சுற்றிலும் இடுக்கு இல்லாமல் அடைத்தேன். ஒன்பது மணிக்கு ஃப்ரிட்ஜின் மேல் பவானி ஜமக்காளம் இரண்டைப் போர்த்திக் கயிற்றால் கட்டினேன். உள்ளே யாரோ குளிர் ஜுரத்தில் கிடக்கிற மாதிரி இருந்தது. கரண்டியோடு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் இரண்டு தடவை, "தெறந்து பாத்தா என்ன?" என்றார். இரண்டாவது தடவை கரண்டி அவர் முழங்கையில் பட்டது. தெரியாமல் பட்டது.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. பாட்டில் கல். ஆபீசர் ஐயா கவனிக்கவும்: எட்டேகால் மணி நேரம், மார்ச் மாத வெயிலில்.

மார்ச் 14, சனி

பூங்கோதையைச் சந்தையில் பார்த்தேன்.

"பால் சுகமாக்கா?"

"சுகம். உன்னக் கேட்டுச்சு. வேற வேலை பாத்து வெச்சுட்டியான்னு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த அவரைப் பார்த்தாள். அவர் வெங்காயத்தைப் பார்த்தார். மூன்று வெங்காயம் அழுகல்.

மார்ச் 16, திங்கள்

மெரூன் பொட்டுக் கவர் பதினான்கு வைத்தேன். பதினொன்று இருக்கிறது. எண்ணுவதில் எனக்குப் பிசகு வரும்.

மார்ச் 17, செவ்வாய்

பத்து. பிசகு வராது.

மார்ச் 18, புதன்

ரேஷன் கடைக்குப் போனேன். நேர் வழியில் சாக்கடை தோண்டியிருந்தார்கள். நஞ்சம்மா தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. தலையைத் திருப்பாமல்தான் நடந்தேன்.

அவள் வீட்டு வேலியில் கழுவிய பிளாஸ்டிக் கவர் நான்கு காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரூபாய் அகலத்துக்கு மெரூன் பொட்டு.

ரேஷன் கடை மூடியிருந்தது.

மார்ச் 19, வியாழன்

அவருக்குக் காலையில் கடுங்காப்பி. மாலையில் கடுங்காப்பி.

"பாலு?"

"பல்லி குடிச்சுருச்சுங்க. பெரிய பல்லி."

மார்ச் 20, வெள்ளி

கடுங்காப்பி. மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்காளுக்கு வயித்துல ஆபரேசன் பண்ணி ஒரு மாசமாச்சு. கஞ்சி எறங்க மாட்டீங்குது. பாலு மட்டுந்தான் நிக்குது."

"ஊர்ல வேற மாடே இல்லீங்களா?"

"காசு குடுத்தா வாங்க மாட்டேங்குது. எரக்கப்படறியான்னு திட்டுது. தம்பி ஊட்டுப் பாலுன்னாத்தான் குடிக்குது."

"அதனால?"

"காலையில போறப்ப ஒரு சொம்பு ஊத்திட்டுப் போவேன்."

"நான் அளந்து வெச்ச ஏழு லிட்டரு அங்க எப்படிங்க ஏழு லிட்டரா வந்துச்சு?"

நஞ்சம்மா வீட்டு முக்கில் ஒரு அடிபம்பு இருக்கிறது. அதை நான் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை. இது ஆபீசர் பார்க்கிற நோட்டு.

மார்ச் 21, சனி

ஆபீசர் இந்த நோட்டைப் பார்க்கப்போவதில்லை.

மார்ச் 23, திங்கள்

டீச்சரைக் கறந்தேன். திட்டினேன். எருமை என்று கூடச் சொன்னேன். திரும்பிப் பார்த்துவிட்டு வாலால் வைத்தது.

நான் சங்கத்து வாசலில் நின்று இருபது பேர் கேட்கக் கத்தியது காதிலேயே இருக்கிறது. "காட்டறேன்" என்றேனே. என்ன காட்டுவது? இருபது நாளாகத் துணி போர்த்தி, ஐஸ் வைத்து, கரண்டியோடு காவல் இருந்தது எல்லாம் எதைக் காப்பாற்ற? கெட்டுப்போயிருந்தால் தொல்லை விட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். இப்போதுதான் கறந்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நாசமாய்ப் போவது.

மார்ச் 25, புதன்

மேகலா போன் செய்தாள்.

"அம்மா, இங்க ஒருத்தரு சொன்னாரு. நல்ல பால செக்ரட்டரி திருப்பி அனுப்புனது நிரூபணமானா அன்னைக்கே வேலைய விட்டு எடுத்துருவாங்களாம். நீ பாட்டல மட்டும் பத்திரமா கொண்டு போ."

"சரி சாமி."

"ஏம்மா குரலு ஒரு மாதிரி இருக்குது?"

"நெய் குடிச்சேன்."

மார்ச் 26, வியாழன்

மத்தியானம் அவர் காட்டுக்குப் போயிருந்தார். பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, பாட்டில் மூடியை ஆவியில் காட்டினேன். பசை இளகிப் பேப்பர் கிழியாமல் வந்துவிட்டது. அதே மாதிரி பாட்டில் ஒன்று கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். அதில் காலையில் கறந்த பாலை ஊற்றினேன். இன்று வைத்தால் நாளை காலைக்குள் கல். பூங்கோதையின் கையெழுத்தை எடுத்து இதன் தலையில் ஒட்டினால் முடிந்தது. அட்டை என்னுடையது. அவள் வீட்டுக்கு.

பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அவளை எப்படியெல்லாம் திட்டலாம் என்று ஒத்திகை பார்த்தேன். "ஏனம்மிணி, பாத்தியா எம்மாட்டுப் பால" என்று ஆரம்பித்தால், அடுத்தது வாயில் வரவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. பொய்யாக ஜெயித்துவிட்டு அவளை எந்த வாயால் திட்டுவது? மனதாரத் திட்ட முடியாத எதிரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பேப்பரைப் பழைய பாட்டிலிலேயே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டேன். கொஞ்சம் கோணல். புதுப் பாலில் காப்பி போட்டேன். அவர் வந்ததும் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடிக்கப் பயந்தார்.

"விசமில்லீங்க. குடிங்க."

மார்ச் 27, வெள்ளி

பாட்டிலை ஜமக்காளத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டில் போனேன். வழியில் அவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினார். பெட்ரோல் தீர்ந்தது என்று நினைத்தேன், மூன்றாவது தடவை திரும்பி என்னைப் பார்த்தார்.

"நானே சொல்லிப்போடறேன் புள்ள" என்றார்.

"என்னன்னு? நஞ்சம்மா திருட்டுப் பாலு குடிச்சான்னு ஊரெல்லாம் பேசவா? அவளப் பேசறதுக்கு இந்த ஊர்ல எனக்கு மட்டுந்தான் பாத்தியதை. நீங்க வண்டியப் பாருங்க."

மேற்பார்வையாளர் ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு இருந்தார். பூங்கோதை பக்கத்தில் நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. அவளும் தூங்கியிருக்க மாட்டாள். வரிசை முழுக்க வந்திருந்தது, பால் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள்.

"நீங்கதான் வேலாத்தாளா? பால் சுத்தம்னு சொல்றீங்க?"

"இல்லீங்க சார். தண்ணிதானுங்க."

மேற்பார்வையாளர் எடுத்த பேனாவைத் திரும்பப் பைக்குள் செருகினார்.

"யாரு கலந்தது?"

"நாந்தானுங்க. ஒரு சொம்பு எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி வெச்சுட்டேன்."

"எதுக்கும்மா?"

"காப்பி குடிக்கணும்னு ஆசையா இருந்துச்சுங்க."

வரிசையில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்துச் சிரித்ததுதான் இதுவரைக்கும். இது அது இல்லை. காது சுட்டது. "சொம்புக் காப்பி வேலாத்தா" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். பத்து வருடத்துக்கு இந்தப் பேர் போகாது.

மேற்பார்வையாளர் அதோடு விடவில்லை. கொண்டுவந்த பாலைப் பார்த்துவிட வேண்டும் என்றார். தண்ணீர்த் தொட்டியில் பாட்டிலை மிதக்கவிட்டு, இளகினதும் குலுக்கி, மோந்து பார்த்தார். நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். "இருபத்தஞ்சு நாள் பாலா இது? கெட்ட வாடையே இல்லையே. எப்படிம்மா வெச்சிருந்தீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஃப்ரீசர், ஐஸ் டப்பா, ஜமக்காளம், இரண்டு விரல்கடை காலி. என்னைப் பார்த்துச் சிரித்த வரிசை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. பிறகு குழாயை மிதக்கவிட்டார். இருபத்துநான்கு. சுத்தப் பால் இருபத்தெட்டு நிற்க வேண்டும்.

"ரத்துப் பண்ண வேண்டியதுதான்" என்று பேனாவை எடுத்தார்.

"பதினோரு வருசத்துல முதல் தடவைங்க சார்" என்றாள் பூங்கோதை. "எச்சரிக்கை போட்டு விடலாங்க. ஒண்ணாந் தேதியிலருந்து ஊத்தட்டுங்க."

எச்சரிக்கை என்று சிவப்பில் எழுதி, என் கைநாட்டு வேண்டும் என்றார். கையெழுத்தே போட்டேன், ஐந்து எழுத்தும்.

வெளியே வந்து அவளைப் பிடித்தேன்.

"யாருடி உங்கிட்டச் சிபாரிசு கேட்டது?"

"எனக்கு முன்னமே தெரியுங்க்கா. எங்கம்மா ஊடு நஞ்சம்மாயி ஊட்டுக்கு எதுத்தாப்பல. மாமாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ திருப்பி அனுப்பிச்சேன்."

"தெரிஞ்சுமா இருவத்தஞ்சு நாளு வாயத் தொறக்கல? உன் வேலை போயிருந்தா?"

"வரிசையில வெச்சு நானு எப்படிங்க்கா சொல்றது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு வருடமாக அவளைப் பிடிக்காது. ஆனால் இன்றைக்கு மாதிரி ஒரு நாளும் வயிறு எரிந்ததில்லை. நியாயமும் அவள் பக்கம், கருணையும் அவள் பக்கம். மனுஷிக்கு எதிராளி இப்படி அமையக் கூடாது.

மார்ச் 29, ஞாயிறு

காலைப் பாலில் ஒரு லிட்டர் அளந்து, காய்ச்சாமல், தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு நானே போனேன். நஞ்சம்மா கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். பாதியாகிவிட்டாள். வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"யாரது?"

"பாலு."

"எந்தப் பாலு?"

"தண்ணி கலக்காத பாலு."

எழுந்து உட்கார்ந்தாள். நான் கை கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் அடுப்பிலேயே காய்ச்சினேன். பொங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரியவில்லை. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"அடுப்ப அணைக்கத் தெரியாதா?" என்றாள்.

"பால் நிக்குதான்னு பாத்துட்டு இருந்தேனுங்க நங்கை."

ஊதி ஊதிக் குடித்தாள். "இது பரவால்ல. எந்தம்பி கொண்டாந்த ஐஸ் பாலெல்லாம் ஒரே பாச்சை உருண்டை நாத்தம். குடிச்சுட்டு வாயத் தொறக்காமக் கெடந்தேன்."

"வாயத் தொறக்காமயா? நீங்களா?"

"நானொண்ணும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"கேட்டா நான் குடுக்கவும் மாட்டேன்."

"போசியக் கழுவி வெச்சுட்டுப் போ. நாளைக்கு நேரமா வா. எட்டு மணிக்குக் கொண்டாந்தா காலைப் பாலா, மத்தியானப் பாலா?"

போசியைக் கழுவவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

ஏழேகாலுக்குப் போனேன். ஏழு என்றாளாம்.

ஏப்ரல் 1, புதன்

இன்றிலிருந்து அட்டை. நங்கைக்கு ஒரு லிட்டர் எடுத்து வைத்துவிட்டு, ஆறு லிட்டர் அளந்து கேனில் ஊற்றினேன். குழாய் மிதக்கவிட்டுப் பார்க்கட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நானே கேனைப் பிடித்துக்கொண்டு மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். வரிசையில் "சொம்புக் காப்பி வந்தாச்சு" என்றார்கள். நான் வண்டியில் இருந்தபடியே நீட்டிய அட்டையைப் பூங்கோதை வாங்கிப் பேனாவைத் திறந்தாள்.

நான் இறங்கும்போது முந்தானை வண்டி ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. கேன் சங்கத்துப் படியில் சாய்ந்தது. ஆறு லிட்டரும் வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. வாசலில் பூங்கோதையின் செருப்பு கிடந்தது. அதுவும் கூடப் போனது.

அவள் அட்டையில் தேதி போட்டு, "பால் வந்தது. அளக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

செருப்பில் ஒன்று கிடைத்துவிட்டது.